பழைய ஆல்பம் படத்திலிருந்து ஆரஞ்சு தேதியை எடுப்பது எப்படி?

"அண்ணே, இந்த நம்பரை மட்டும் எடுத்துட்டு பெருசா போட்டுக் குடுங்க." எங்கள் ஃபிரேம் கடைக்குப் படம் கொண்டுவருபவர்கள் அடிக்கடி சொல்வது இது. தொண்ணூறுகளில் ஃபிலிம் கேமராவில் எடுத்த கல்யாணப் படமாக இருக்கும். வலது கீழ் மூலையில் '96 5 19 என்று ஆரஞ்சு நிறத்தில் தேதி நிற்கும். அம்மாவோ அப்பாவோ நன்றாகச் சிரித்த படம் அது ஒன்றுதான் என்பார்கள்.

அந்தக் கேமராக்களின் பின்மூடியில் இருந்த ஒரு சின்ன விளக்கு ஃபிலிமின் மேலேயே தேதியை எழுதிவிடும். அதனால் நெகட்டிவைத் தேடி எடுத்தாலும் பயனில்லை, எண்கள் அதிலும் இருக்கும். எண்ணைச் சுரண்டினால் அடியிலிருந்து புடவை வெளிவரும் என்று நினைக்க வேண்டாம், அங்கே படமே கிடையாது. பக்கத்திலிருந்து கடன் வாங்கித்தான் நிரப்ப வேண்டும். எங்கிருந்து வாங்குவது என்பதில்தான் வேலையே இருக்கிறது.

முதலில் தேதியை ஃபைல் பெயரிலேயே எழுதி வையுங்கள். பாட்டரி மாற்றியவர்கள் தேதியைச் சரி செய்யாமல் விட்டிருப்பார்கள், அதனால் வீட்டுப் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அப்புறம் ஸ்கேன். 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும். 4க்கு 6 அங்குலப் படம் 2400க்கு 3600 பிக்சல் வரும். செல்போனில் படம் பிடித்தால் பளபளப்புத் தாளில் வெளிச்சம் அடிக்கும்.

எதையும் தொடுவதற்கு முன் எந்த அளவு ஃபிரேம் என்று கேளுங்கள். 4க்கு 6 படத்தை 8க்கு 10 ஆக்கும்போது நீளவாக்கில் ஆறில் ஒரு பங்கு எப்படியும் வெட்டுப்படும். அகலப் படமாக இருந்தால் அந்த வெட்டை வலது பக்கம் தள்ளிப் பாருங்கள். தேதியில் பெரும்பகுதி அதோடு போய்விடலாம்.

மிச்சத்துக்கு ஃபோட்டோஷாப். வெறும் சுவர், மண் தரை, புல் என்றால் சுலபம். லாஸோவால் (கையால் வளைத்துத் தேர்வு செய்யும் கருவி) எண்களைச் சுற்றுங்கள். எழுத்தை ஒட்டிப் பரவியிருக்கும் ஆரஞ்சுப் புகையும் உள்ளே வரட்டும், இல்லாவிட்டால் நிரப்பிய இடத்தைச் சுற்றி அழுக்கு வளையம் நிற்கும். எடிட் மெனுவில் கன்டென்ட்-அவேர் ஃபில் திறந்தால், எங்கிருந்து எடுக்கப் போகிறது என்பதைப் பச்சையாகக் காட்டும். அந்தப் பச்சையில் கை, முகம், மாலை எது இருந்தாலும் பிரஷ்ஷால் நீக்குங்கள். நீக்காவிட்டால் சுவரில் விரல் முளைக்கும். அவுட்புட்டை நியூ லேயருக்கு (படத்தின் மேல் ஒரு தனி அடுக்கு) வையுங்கள். கிம்ப் என்ற இலவச மென்பொருள் வைத்திருப்பவர்கள் ரீசின்தசைசர் என்ற பிளகினைப் போட்டுக்கொண்டால் ஹீல் செலக்ஷன் இதே வேலையைச் செய்யும்.

தேதி பட்டுப்புடவையின் ஜரிகை பார்டர் மேல் விழுந்திருந்தால் தானியங்கி எதுவும் உதவாது. ஜரிகையைக் குழம்பாக்கிவிடும். அங்கே ஓரிடத்தை அப்படியே நகலெடுத்து இன்னோரிடத்தில் பூசும் குளோன் ஸ்டாம்ப்தான். புது லேயர் ஒன்று போட்டு, சாம்பிளை கரன்ட் அண்ட் பிலோ என்று மாற்றி, அலைன்டையும் டிக் செய்யுங்கள். படத்தை 300 சதவீதம் பெரிதாக்குங்கள். ஜரிகையும் புடவை உடலும் சேரும் கோடு இருக்கிறதல்லவா, அதன் மேலேயே ஆல்ட் அழுத்திச் சொடுக்குங்கள் (கிம்பில் கண்ட்ரோல்). அதே கோடு எண்ணுக்குள் நுழையும் இடத்தில் பிரஷ்ஷை வைத்து, கோட்டின் போக்கிலேயே சின்னச் சின்னதாக இழுங்கள். அந்த ஒரு கோடு சேர்ந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக உட்காரும். பார்டரில் மாங்காய் இருந்தால் சரியாக ஒரு மாங்காய் தள்ளியிருக்கும் இடத்திலிருந்து எடுங்கள், பாதி மாங்காய் ஒட்டாது. மடிப்பில் பார்டர் திரும்பினால் குளோன் சோர்ஸ் பேனலில் கோணத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

ஹீலிங் பிரஷ் எல்லோருக்கும் பிடித்த கருவி. எனக்கு அதன் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. சுற்றியிருக்கும் நிறத்தை அது கலந்துகொள்வதால் கருத்த ஓரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் கறை இழுக்கும். ஓரங்களைக் குளோனால் முடித்துவிட்டு, நடுவில் தெரியும் திட்டுகளுக்கு மட்டும் அதை எடுங்கள்.

நிரப்பிய இடம் மற்ற இடத்தைவிட வழவழப்பாகத் தெரிந்தால் ஃபிலிமின் பொடி (படம் முழுக்கத் தெரியும் நுண்ணிய புள்ளிகள்) அங்கே இல்லை என்று அர்த்தம். அந்த லேயருக்கு மட்டும் ஆட் நாய்ஸில் ஒன்றிரண்டு சதவீதம் கொடுங்கள்.

தேதி வேறு, இன்னொருவரின் வாட்டர்மார்க் வேறு. ஸ்டூடியோ பெயரையோ இணையத்தில் எடுத்த படத்தின் முத்திரையையோ நீக்கக் கேட்டால் நான் செய்வதில்லை. உரிமை விவரத்தைத் தெரிந்தே அனுமதியில்லாமல் நீக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ல் சேர்த்த 65பி பிரிவு அது.

லேயர்களோடு பிஎஸ்டியாக (ஃபோட்டோஷாப் ஃபைல்) ஒரு பிரதி, பிரின்டுக்கு முழுத் தரத்தில் ஜேபெக் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் அது சுருக்கிவிடும்.