நாள் முழுக்க ஓட்டினாலும் உடம்பு நோகாத பைக்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஷோரூமில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் எல்லா பைக்கும் சொகுசாகத்தான் இருக்கும். வலி வருவது இரண்டாவது மணி நேரத்தில். நான் முதன்முதலில் நீண்ட பயணத்துக்கென்று வாங்கியது ஒரு க்ரூஸர். அகலமான மெத்தை சீட், தாழ்ந்த உயரம், காலை முன்னால் நீட்டி உட்காரும் வசதி என்று பார்க்கவே சாய்வு நாற்காலி மாதிரி இருந்தது. 120 கிலோமீட்டர் தாண்டியதும் இடுப்புக்குக் கீழே ஊசி குத்துவது போல வலி ஆரம்பித்து, 200 கிலோமீட்டரில் வண்டியை ஓரம்கட்டி இறங்கி நடக்க வேண்டியதாயிற்று. சீட்டை மாற்றினேன், ஜெல் வைத்தேன், இடுப்புக்குப் பட்டை கட்டினேன், எதுவும் உதவவில்லை. ஒரு நாள் நண்பரின் பைக்கை அரை நாள் ஓட்டினேன். அதன் சீட் என்னுடையதைவிடக் கெட்டி, ஆனால் துளி வலி இல்லை. ஏன் என்று அப்போதுதான் தேட ஆரம்பித்தேன். அடுத்த பைக்கை எப்படிப் பார்த்து வாங்கினேன் என்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: உங்கள் பயணத்தை எழுதி வையுங்கள்

பைக்கைப் பார்ப்பதற்கு முன் ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், எந்த வேகத்தில், எந்த மாதிரி சாலையில், பின்னால் ஆள் உண்டா. கனவுப் பயணத்தை எழுதாமல், அடுத்த வருடத்தில் நிஜமாகவே போகப்போவதை எழுதுங்கள். மணிக்கு 80 கிலோமீட்டரில் கிளைச் சாலைகளில் போகிறவருக்கும் 120-இல் நெடுஞ்சாலையில் போகிறவருக்கும் ஒரே பைக் பொருந்தாது. சாலைகள் அனுமதிக்கும் வேகமே 80 என்றால் 350 சிசி எஞ்சின் தாராளமாகப் போதும். மற்றவர்கள் சொல்கிறார்கள் என்று 1000 சிசி தேடிப் போகாதீர்கள், நின்ற இடத்தில் 250 கிலோவைத் தள்ளித் திருப்புவதும் பயணத்தின் களைப்பில் சேர்ந்ததுதான்.

படி 2: கால் எங்கே, கை எங்கே, உட்காருவது எங்கே

என்னை இடறி விட்ட இடம் இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சீட், ஹேண்டில்பார், ஃபுட்பெக் (கால் வைக்கும் கட்டை) ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணம். உங்கள் எடை இந்த மூன்றுக்கும் எப்படிப் பிரிகிறது என்பதை வைத்துத்தான் எங்கே வலிக்கும் என்பது முடிவாகிறது. ஸ்போர்ட்ஸ் பைக்கில் உடம்பு முன்னால் சாய்வதால் எடை மணிக்கட்டில் இறங்கும், ஃபுட்பெக் உயரமாகப் பின்னால் இருப்பதால் முழங்கால் இறுக மடங்கும். காலை முன்னால் நீட்டும் க்ரூஸரில் நேர்மாறு. கால் எதையும் தாங்காது. மொத்த எடையும் வால் எலும்பில் விழுகிறது, இடுப்பு பின்னால் சரிந்து முதுகு வளைகிறது, சாலையில் வரும் ஒவ்வொரு குழியும் நேராக முதுகெலும்பில் ஏறுகிறது. பள்ளம் வருவது தெரிந்தாலும் காலை ஊன்றி அரை அங்குலம்கூட எழும்ப முடியாது. என் வலிக்குக் காரணம் சீட்டே இல்லை, கால் வைத்த இடம். இது புரியாமல் ஒரு வருடம் மெத்தையை மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஷோரூமிலேயே செய்யக்கூடிய இரண்டு சோதனைகள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சென்டர் ஸ்டாண்டு இல்லையென்றால் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முதல் சோதனை: இரண்டு காலையும் ஃபுட்பெக்கில் வைத்து, ஹேண்டில்பாரை இழுக்காமல், கால் பலத்தில் மட்டும் சீட்டிலிருந்து எழும்புங்கள். சுலபமாக எழும்ப முடிந்தால் கால் உங்கள் உடம்புக்குக் கீழே சரியான இடத்தில் இருக்கிறது. கையால் இழுத்தால்தான் எழும்ப முடிகிறது என்றால், நீண்ட தூரத்துக்கு அந்த வண்டி வேண்டாம் என்பேன்.

இரண்டாவது: ஓட்டும் நிலையில் உட்கார்ந்துகொண்டு இரு கையையும் ஹேண்டில்பாரிலிருந்து ஒரு அங்குலம் தூக்குங்கள். உடம்பு முன்னால் சரியாமல் அப்படியே நின்றால் நல்லது. சரிகிறது என்றால் அவ்வளவு எடையையும் நாள் முழுக்க உங்கள் மணிக்கட்டு சுமக்கப் போகிறது. கொஞ்சம், மிகக் கொஞ்சம், முன்சாய்வு இருப்பதில் தப்பில்லை, நெடுஞ்சாலை வேகத்தில் நெஞ்சில் மோதும் காற்று அந்தச் சாய்வைத் தாங்கிக்கொள்ளும்.

இரண்டையும் செய்த பிறகு குறைந்தது 20 நிமிடம் அப்படியே உட்காருங்கள். விற்பனையாளர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. முழங்கால் மடிப்பு 90 பாகைக்குப் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை வராது. அதைவிட இறுக மடங்கினால், ஏற்கெனவே முழங்கால் தொந்தரவு உள்ளவர்கள் அந்த இருபது நிமிடத்திலேயே உணர்ந்துவிடுவார்கள்.

நேரில் போவதற்கு முன் பட்டியலைச் சுருக்க, உயரத்தையும் கால் நீளத்தையும் கொடுத்தால் உட்காரும் கோணத்தைப் படமாகக் காட்டும் எர்கனாமிக்ஸ் சிமுலேட்டர்கள் இணையத்தில் இருக்கின்றன. அதற்குக் கால் நீளத்தைச் சரியாக அளக்க வேண்டும்: செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவில் மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளவெடுங்கள். பேண்ட் அளவைக் கொடுத்தால் கணக்குத் தப்பாக வரும்.

படி 3: சீட்

மெத்தென்ற சீட்டைக் கண்டு மயங்காதீர்கள். மென்மையான ஃபோம் ஒரு மணி நேரத்தில் நசுங்கி அடிவரை போய்விடும், அப்புறம் நீங்கள் உட்கார்ந்திருப்பது சீட்டின் அடித்தட்டில்தான். உட்காரும்போது எடையைத் தாங்க இரண்டு எலும்புகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே அகலமாக, தட்டையாக, சற்றுக் கெட்டியாக ஒரு பரப்பு வேண்டும். டேங்க்கை நோக்கிச் சரியும் சீட்டாக இருந்தால் நீங்கள் முன்னால் வழுக்கி வழுக்கி, ஒவ்வொரு பத்து நிமிடமும் பின்னால் தள்ளி உட்கார வேண்டியிருக்கும், அந்த எரிச்சலே பாதிக் களைப்பு. கட்டைவிரலால் பலமாக அழுத்திப் பாருங்கள், உடனே அடித்தட்டு தட்டுப்பட்டால் அது நீடிக்காது.

ஜெல் பேட் எனக்குப் பிடிப்பதில்லை, வெயிலில் சூடு பிடித்துக்கொண்டு விடுவதில்லை. காற்று நிரப்பும் உறையைத்தான் பரிந்துரைப்பேன். முழுக்க ஊதாமல், எலும்பு சீட்டைத் தொடாத அளவுக்கு மட்டும் காற்று இருந்தால் போதும். ஆனால் படி 2-இல் தோற்ற பைக்கை எந்த உறையாலும் காப்பாற்ற முடியாது.

படி 4: காற்று

புதிதாக வாங்குகிறவர்கள் அதிகம் யோசிக்காத விஷயம் இது. நீண்ட பயணத்துக்குப் பெயர்போன ஹோண்டா கோல்ட் விங் பைக் 1975 மாடலாக முதலில் வந்தபோது அதில் காற்றுத் தடுப்பே கிடையாது. நீண்ட தூரம் போகிறவர்கள் வெளியில் வாங்கிப் பொருத்திக்கொண்டார்கள். 1980-இல்தான் இன்டர்ஸ்டேட் என்ற பெயரில் தொழிற்சாலையிலேயே ஃபேரிங்கும் (காற்றைத் தடுக்கும் முன் உறை) பெட்டிகளும் பொருத்தி வந்தது. ஓட்டுகிறவர்கள் எதைக் கேட்டார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

அதற்காகப் பெரிய விண்ட்ஷீல்டு (காற்றைத் தடுக்கும் முன் கண்ணாடி) இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். விளிம்பைத் தாண்டும் காற்று சுழல ஆரம்பிக்கும். அந்தச் சுழல் சரியாக ஹெல்மெட்டில் வந்து மோதினால் தலை குடுகுடுவென்று ஆடும், மாலைக்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். இரண்டுங்கெட்டான் உயரம்தான் ரொம்ப மோசம். அதைவிடக் குட்டையாக இருந்து சீரான காற்று நெஞ்சிலும் தலையிலும் பட்டால் சத்தம் இருக்கும், ஆட்டம் இருக்காது. உயரமாக வேண்டுமென்றால், மேல்விளிம்பு உங்கள் மூக்கு மட்டத்தில் இருக்கட்டும். கண்ணாடிக்கு மேலே பார்த்து ஓட்ட முடியும், மழையில் அதன் வழியாகப் பார்க்க நேர்ந்தால் ஒன்றும் தெரியாது.

டெஸ்ட் ரைடில், ஆள் இல்லாத நேரான சாலையில், உங்கள் பயண வேகத்தில் போகும்போது ஃபுட்பெக்கில் சற்று எழும்பிப் பாருங்கள், அப்புறம் சற்றுக் குனிந்து பாருங்கள். எழும்பினால் அமைதியாகிறது என்றால் குட்டைக் கண்ணாடி வேண்டும், குனிந்தால் அமைதியாகிறது என்றால் உயரமானது வேண்டும். இதற்காக மட்டும் வண்டியை நிராகரிக்கத் தேவையில்லை, கண்ணாடி மாற்றக்கூடியதுதான்.

எந்தக் கண்ணாடியாக இருந்தாலும் காதில் பஞ்சு நுரை அடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் சத்தம் 90 டெசிபலைத் தாண்டிவிடும். கேட்கும் திறன் போனால் திரும்ப வராது. களைப்பு எவ்வளவு குறைகிறது என்பதை முதல் நாளிலேயே உணர்வீர்கள்.

படி 5: அதிர்வு

ஒற்றை சிலிண்டரா இரட்டையா என்ற விவாதத்தில் நுழையப் போவதில்லை. பேலன்சர் ஷாஃப்ட் (அதிர்வைக் குறைக்க எஞ்சினுக்குள் சுழலும் தண்டு) வைத்த ஒற்றை சிலிண்டர், ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350 போன்றவை, மிதமான வேகத்தில் நன்றாகவே ஓடும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உங்கள் பயண வேகத்தில், டாப் கியரில், ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) எவ்வளவு, அந்த ஆர்பிஎம்மில் வண்டி நடுங்குகிறதா? அநேகமாக எல்லா எஞ்சினுக்கும் ஒரு நடுங்கும் பகுதி உண்டு, உங்கள் வேகம் அதற்குள் விழாமல் இருந்தால் சரி. 20 நிமிடம் ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். விரல் நுனி மரத்துப்போயிருக்கிறதா? ஓடும்போது பின்பார்வைக் கண்ணாடியில் பின்னால் வந்த வண்டி கலங்கித் தெரிந்ததா? இரண்டுக்கும் ஆம் என்றால் வேறு வண்டி பாருங்கள். ஹேண்டில்பார் முனையில் பார்-எண்டு எடை மாட்டினால் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது.

படி 6: காகிதத்தில் பார்க்க வேண்டியவை

டேங்க்: லிட்டரை மைலேஜால் பெருக்கி அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். 15 லிட்டர், லிட்டருக்கு 30 கிலோமீட்டர் என்றால் 450, கழித்தால் 360. முந்நூறுக்குக் கீழே வந்தால் எனக்குப் போதாது. சுசுகி வி-ஸ்ட்ராம் 650 மீது எனக்கு இவ்வளவு பிரியம் இருப்பதற்கு அதன் 20 லிட்டர் டேங்க்கும் ஒரு காரணம்.

சுமை: வாகனத்தின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழியுங்கள். மிச்சம்தான் உங்களுக்கும் பின்னால் இருப்பவருக்கும் பெட்டிகளுக்கும். 75 கிலோ, 60 கிலோ, 30 கிலோ சாமான், பெட்டிகளே ஒரு 15 கிலோ, மொத்தம் 180. பலர் இதைப் பார்ப்பதே இல்லை. மீறினால் பின் சஸ்பென்ஷன் அடிவரை அமுங்கி, அதன் பிறகு எந்த சீட்டும் சொகுசு தராது.

படி 7: ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள்

பட்டியலில் இரண்டு பைக் மிஞ்சியிருந்தால், இரண்டையும் தனித்தனி நாளில் வாடகைக்கு எடுத்து, இறங்காமல் 150 கிலோமீட்டர் ஓட்டுங்கள். முதல் மணி நேரத்தை நம்பாதீர்கள். இரண்டாவது மணி நேரத்தில் எங்கே வலிக்கிறது என்று நிறுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். வால் எலும்பு என்றால் கால் நிலை, மணிக்கட்டு என்றால் ஹேண்டில்பார், கழுத்து என்றால் காற்று, தொடையின் உட்பக்கம் என்றால் சீட்டின் விளிம்பு. நான் இரண்டாவது பைக்கை இப்படித்தான் முடிவு செய்தேன், காகிதத்தில் பின்தங்கியிருந்ததுதான் ஜெயித்தது.

பிற்சேர்க்கை 1: உயரம் குறைந்தவர்களுக்கு

கால் எட்டவில்லையே என்று கருத்துப் பகுதியில் பலர் கேட்டிருந்தீர்கள். இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். சீட் உயரம் என்ற எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். முன்பக்கம் குறுகலான 830 மில்லிமீட்டர் சீட்டில் எட்டும் கால், அகலமான 800 மில்லிமீட்டர் சீட்டில் எட்டாமல் போகலாம். நீங்கள் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் கொஞ்சம் அமுங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 போலச் சீட்டை 825, 845 என்று மாற்றி வைக்கக்கூடிய வண்டிகளை முதலில் பாருங்கள். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படத் தேவையில்லை, ஒரு கால் உறுதியாக ஊன்றினால் போதும். சீட்டின் ஃபோமை வெட்டி உயரத்தைக் குறைப்பதை மட்டும் கடைசி வழியாக வையுங்கள், முழங்கால் மடிப்பு இறுகி, மெத்தையும் போய்விடும்.

பிற்சேர்க்கை 2: வாங்கிய பிறகும் வலிக்கிறது என்றவர்களுக்கு

மூன்று பேர் எழுதியிருந்தார்கள், மூவருமே வண்டியை வந்தபடியே ஓட்டியிருந்தார்கள். பின் சஸ்பென்ஷனின் பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அழுத்தி வைப்பது என்பதை) உங்கள் எடைக்கு வையுங்கள். பின்சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கிய நிலையில் அச்சிலிருந்து நேர் மேலே வண்டியின் உடலில் ஒரு புள்ளி வரை அளந்து, பிறகு சாமானோடு நீங்கள் உட்கார்ந்த நிலையில் அதே அளவை எடுங்கள். வித்தியாசம், சக்கரத்தின் மொத்த மேல்கீழ் அசைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும், 120 மில்லிமீட்டர் என்றால் 35 முதல் 40. அதிகம் அமுங்கினால் பிரீலோடைக் கூட்டுங்கள், குறைவென்றால் தளர்த்துங்கள். அடுத்து பிரேக், கிளட்ச் லீவர்கள். கையை நீட்டி விரலை வைக்கும்போது முழங்கையிலிருந்து விரல்நுனி வரை ஒரே கோடாக வரும்படி லீவரைத் திருப்பி இறுக்குங்கள். ஒரு ஆலன் கீ, ஐந்து நிமிட வேலை. மணிக்கட்டு வலிக்கிறது என்று எழுதியவருக்கு இது மட்டுமே போதுமானதாக இருந்தது.