சி மொழியில் சரத்தை முழு எண்ணாக மாற்றுவது: ஆத்தங்குடிக் கல் கணக்கோடு ஒரு செய்முறை

ஆத்தங்குடிக் கல் பதிக்க வருபவர் முதலில் கேட்பது, "எத்தனை சதுர அடி?" என்பதுதான். எட்டு அங்குலக் கல் என்றால் ஒரு சதுர அடிக்கு 2.25 கல் பிடிக்கும். 200 சதுர அடி முகப்புக்கு 450 கல். இந்தச் சிறு கணக்கைச் சி மொழியில் நிரலாக எழுத உட்காரும் மாணவர்கள் பலரும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள். விசைப்பலகையில் தட்டிய 200 ஒரு சரமாக, அதாவது எழுத்துகளின் வரிசையாக, வந்து நிற்கிறது. சரத்தை 2.25ஆல் பெருக்கச் சொன்னால், நிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைலர் பிழை காட்டி மறுத்துவிடும்.

அந்தச் சரத்தை எண்ணாக்க, சி மொழியோடு ஆயத்தமாக வரும் நூலகச் செயற்கூறு ஒன்றை அழைத்தால் போதும் என்று பல பாடங்கள் ஒரு வரியில் முடித்துக்கொள்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு முறையாவது கையால் மாற்றிப் பாருங்கள். அப்போதுதான் நூலகச் செயற்கூறு எங்கே தடுக்கி விழும் என்பது கண்ணுக்குத் தெரியும்.

படி 1: சரத்துக்குள் என்ன இருக்கிறது?

"450" என்ற சரம் நினைவகத்தில் நான்கு பைட் பிடிக்கும். எழுத்துகளுக்குக் குறியெண் தரும் ஆஸ்கி முறையில் '4' என்ற எழுத்தின் குறியெண் 52, '5' என்பதற்கு 53, '0' என்பதற்கு 48. நான்காவது பைட்டில் இருப்பது சரம் முடிந்ததைக் காட்டும் '\0'. நானூற்று ஐம்பது என்ற மதிப்பு அங்கே எந்த இடத்திலும் இல்லை. அதை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

52இலிருந்து 48ஐக் கழித்தால் 4. நிரலில் 48 என்று எழுதாமல், எழுத்து - '0' என்றே எழுதுங்கள். 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களின் குறியெண்கள் அடுத்தடுத்து வரும் என்று சி மொழியின் தர விதி உறுதி சொல்கிறது. ஆங்கில எழுத்துகளுக்கு அந்த உறுதி கிடையாது.

படி 2: மடக்கு

மடக்கு என்பது ஒரே வரியைத் திரும்பத் திரும்ப இயக்குவது. மதிப்பு என்ற மாறியில் 0 வைத்துத் தொடங்குங்கள். சரத்தில் இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்துக்கும் இந்த வரியை இயக்குங்கள்:

மதிப்பு = மதிப்பு * 10 + (எழுத்து - '0');

முதல் சுற்றில் 0 × 10 + 4 = 4. இரண்டாம் சுற்றில் 4 × 10 + 5 = 45. மூன்றாம் சுற்றில் 45 × 10 + 0 = 450. இதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முன்னால் சேர்ந்த மதிப்பு ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடம் இடப்பக்கம் நகர்ந்து, புதிய இலக்கத்துக்கு வழிவிடுவது விளங்கும்.

எழுத்து '0'க்கும் '9'க்கும் இடைப்பட்டதாக இருக்கும்வரைதான் மடக்கு சுழல வேண்டும். வேறு எது வந்தாலும் நின்றுவிட வேண்டும். தொடக்கத்தில் கழித்தல் குறி இருந்தால் அதை நினைவில் வைத்துக்கொண்டு, கடைசியில் மதிப்பின் குறியை மாற்றினால் போதும்.

இந்த முறை நம் பழைய தமிழ் எண்களுக்குப் பொருந்தாது. மரபான தமிழ் எழுத்துமுறையில் 450 என்பது ௪௱௫௰: நான்கு, நூறு, ஐந்து, பத்து. பத்துக்கும் நூறுக்கும் தனிக் குறிகள் இருப்பதால், இலக்கத்தை அதற்கடுத்த குறியால் பெருக்கிக் கூட்ட வேண்டும். போதாக்குறைக்கு, தமிழ் எழுத்துகளையும் குறிக்க வல்ல யுடிஎஃப்-8 என்ற குறியேற்ற முறையில் இந்த ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுக்கும். நம் மடக்கு முதல் பைட்டைப் பார்த்ததுமே நின்று 0 தரும். அதற்கென்று தனி மடக்கு எழுதிப் பார்ப்பது அருமையான பயிற்சி.

படி 3: நூலகச் செயற்கூறுகள்

முதலாவது, ஏ, டி, ஓ, ஐ என்ற நான்கு சிறிய எழுத்துகளால் ஆன அடோய். புழங்க எளிது, நம்பிக் கணக்கை ஒப்படைக்க முடியாது. "0" கொடுத்தாலும் 0 தரும், "கல்" என்று கொடுத்தாலும் 0 தரும். வாடிக்கையாளர் பூஜ்யம் கேட்டாரா, தவறாகத் தட்டினாரா என்று அதனிடம் தெரிந்துகொள்ள வழியே இல்லை. இன்ட் என்ற முழு எண் வகையில் அடங்காத பெரிய எண் வந்தால் என்ன நடக்கும் என்பதையும் தர விதி வரையறுக்கவில்லை.

ஆகவே இரண்டாவதைப் பழகுங்கள். எஸ், டி, ஆர், டி, ஓ, எல் என்ற ஆறு சிறிய எழுத்துகள்; ஸ்டர்டோல் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு மூன்று உள்ளீடுகள்: சரம், வாசிப்பு நின்ற இடத்தைக் குறித்துவைக்கும் சுட்டின் (நினைவக இடத்தைக் காட்டும் மாறியின்) முகவரி, எண்ணின் அடிமானம் (வழக்கமான எண்களுக்குப் பத்து). அடிமானத்துக்கு எப்போதும் 10 என்றே கொடுங்கள். 0 கொடுத்தால் செயற்கூறு தானே ஊகிக்கத் தொடங்கும்.

அழைப்பதற்கு முன், நூலகம் பிழையின் குறியெண்ணைப் பதிவுசெய்யும் எர்நோ என்ற மாறியில் 0 வையுங்கள். நூலகம் அதைத் தானாகப் பூஜ்யமாக்காது. அழைத்து முடித்ததும், வந்த மதிப்பைத் தொடுவதற்கு முன்னால், நின்ற இடத்தைப் பாருங்கள். சுட்டு சரத்தின் தொடக்கத்திலேயே நின்றால் ஓர் இலக்கம்கூடக் கிடைக்கவில்லை. '\0' மேல் நின்றால் முழுச் சரமும் எண்தான். வரியாக வாசித்த உள்ளீடாக இருந்தால் வரிமுடிவுக் குறியையும் ஏற்றுக்கொள்ளலாம். நடுவில் வேறு எழுத்தில் நின்றால், பயனரிடம் மறுபடி கேளுங்கள். எர்நோவில் வரம்பு மீறல் பதிவாகியிருந்தால், ஸ்டர்டோல் விடை தரும் லாங் என்ற முழு எண் வகைக்கு எண் அடங்கவில்லை. மதிப்பை இன்ட் மாறியில் வைப்பதாக இருந்தால் இன்னொரு சோதனையும் தேவை: இன்ட் 32 பிட் என்றால் அதன் உச்சம் 2147483647. 64 பிட் லினக்ஸில் லாங் அதைவிடப் பெரியது. விண்டோஸில் இரண்டும் ஒரே அளவு.

படி 4: நம் ஊர் உள்ளீடுகள்

ஆங்கிலப் பாடநூல்களின் எடுத்துக்காட்டுகளில் அகப்படாத சிக்கல்கள் இங்கேதான் வரும். கல்லுக்கான மொத்தத் தொகையை "1,25,000" என்று தட்டுவார்கள். செயற்கூறு முதல் காற்புள்ளியில் நின்று 1 என்று சொல்லும். ஒன்றே கால் லட்ச ரூபாய் ஒரு ரூபாயாகிவிடும். மாற்றுவதற்கு முன் காற்புள்ளிகளை நீக்கிவிடுங்கள்.

காரைக்குடியின் பின்கோடை "630 001" என்று இடைவெளி விட்டு எழுதினால் 630 மட்டும் கிடைக்கும். எண்ணுக்கு முன்னால் உள்ள இடைவெளியைத்தான் செயற்கூறு தாண்டிப் போகும், நடுவில் இருப்பதை அல்ல. காரைக்குடியின் எஸ்டிடி குறியீடான "04565" இன்னும் மோசம். அடிமானம் 10 என்றால் முன்னால் உள்ள பூஜ்யம் தொலைந்து 4565 ஆகும். அடிமானம் 0 என்றால், பூஜ்யத்தில் தொடங்குவதால் எட்டடிமான எண்ணாகக் கொண்டு 2421 என்று தரும்.

பின்கோடையோ தொலைபேசி எண்ணையோ யாரும் கூட்டிப் பெருக்கப் போவதில்லை. அவற்றைச் சரமாகவே விட்டுவிடுங்கள். சதுர அடி, கல், ரூபாய் ஆகியவற்றை மட்டும் ஸ்டர்டோலிடம் கொடுத்து, நின்ற இடத்தைச் சரிபார்த்த பிறகு பெருக்குங்கள்.