கற்பூரவல்லி: நடுவது, கிள்ளுவது, சமைப்பது

பல வீடுகளில் கற்பூரவல்லியின் நினைவு வருவது யாருக்காவது சளி பிடிக்கும்போதுதான். மற்ற நாட்களில் அது மாடி மூலையில் ஒல்லியாக நீண்டு, அடியில் இலை உதிர்ந்து, நுனியில் மட்டும் நாலு இலையோடு நிற்கும். செடிக்கு ஏதோ குறை என்று உரம் வைப்பார்கள், இன்னும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுவார்கள். அதற்குத் தேவை இரண்டுமே இல்லை. அடிக்கடி கிள்ள வேண்டும், அவ்வளவுதான். வாராவாரம் சமையலுக்குப் பறிக்கிற வீட்டில்தான் இது புதராகத் தழைக்கும். அதனால் வளர்ப்பையும் சமையலையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. சரியான செடிதானா என்று பாருங்கள்

துளசி, புதினா குடும்பத்தைச் சேர்ந்தது இது. ஓமவல்லி என்றும் சொல்வார்கள். இலை தடிப்பாக, மேலே மெல்லிய ரோமத்தோடு, ஓரம் பல் பல்லாக இருக்கும். கசக்கினால் ஓம வாசனை வரும். ஓமத்தில் இருக்கும் தைமால் என்ற வாசனைப் பொருள் இதிலும் உண்டு, கூடவே கார்வக்ரால் என்ற இன்னொன்றும். நர்சரிகளில் 'விக்ஸ் செடி' என்று ஒன்று கிடைக்கும். இலை சிறியது, தொட்டால் வெல்வெட் மாதிரி இருக்கும், வாசனையும் பெயருக்கேற்ற மாதிரிதான். அது அழகுக்கு வளர்ப்பது, சமையலுக்கு வேண்டாம்.

இணையத்தில் 'போரேஜ்' என்று விற்கும் விதையும் வேறு. அது நட்சத்திரம் போல நீலப் பூ பூக்கும் மத்தியதரைக்கடல் பகுதிச் செடி. 'இந்தியன் போரேஜ்' என்று போட்டிருந்தால்தான் நம் கற்பூரவல்லி. இதற்கு விதை தேடி அலைய வேண்டியதில்லை. தெருவில் யார் வீட்டிலாவது இருக்கும், ஒரு கிளை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

2. கிளையைத் தயார் செய்வது

அரைச் சாண் நீளத்துக்கு, பூக்காத இளங்கிளையாகப் பார்த்து, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். தண்டு பட்டென்று முறியும், மெதுவாகக் கையாளுங்கள். அடியில் இரண்டு கணுக்களின் இலைகளை நீக்கிவிடுங்கள். மண்ணுக்குள் போகிற கணுவிலிருந்துதான் வேர் பிடிக்கும். வெட்டின கிளையை உடனே நடாமல் சில மணி நேரம் நிழலில் வையுங்கள். தண்டு முழுக்க நீர் நிறைந்தது, வெட்டு வாய் காய்ந்தால் அழுகல் குறையும்.

3. தொட்டியும் மண்ணும்

எட்டு அங்குலத் தொட்டி போதும். வேர் ஆழமாகப் போவதில்லை, பக்கவாட்டில்தான் பரவும், எனவே வாய் அகன்ற தொட்டி நல்லது. அடியில் துளை கட்டாயம் வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. தேங்காய் நார்த் தூளை நிறையக் கலக்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று கிளைகளை ஒரே தொட்டியில் நட்டால் சீக்கிரம் அடர்ந்துவிடும்.

நட்டதும் ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விட்டு, வெயில் நேரடியாகப் படாத இடத்தில் வையுங்கள். இரண்டு வாரம் போல ஆனதும் நுனியில் புதுத்துளிர் தெரியும். வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்க்க வேண்டாம்.

4. வெயிலும் தண்ணீரும்

காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் கிடைத்தால் போதும். முழு நிழலில் இலை பெரிதாகும், ஆனால் தண்டு நீண்டு சாயும், வாசனையும் குறையும். அக்னி நட்சத்திர வெயிலில் இலை சுருங்கி மஞ்சளடிக்கும். அந்த நாட்களில் மட்டும் நிழலுக்கு நகர்த்துங்கள்.

கற்பூரவல்லி செத்துப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர்தான். குறைவு அல்ல, அதிகம். தடித்த இலையிலும் தண்டிலும் நீரைச் சேர்த்து வைக்கிற செடி இது. விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தாகம் எடுத்த செடியின் இலை தொய்ந்து மெலியும், தண்ணீர் விட்டதும் நிமிர்ந்துவிடும். அதிகமாகக் குடித்த செடியின் அடித்தண்டு கறுத்துக் குழையும், அடி இலைகள் மஞ்சளாகும். அந்த நிலைக்கு வந்த வேரைக் காப்பாற்ற முயல வேண்டாம். கறுப்பு ஏறாத மேல் கிளைகளை வெட்டிப் புது மண்ணில் நடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைச் சுவர் ஓரமாக, கூரைக்கடியில் வைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

இலைக் கக்கத்தில் வெள்ளையாகப் பஞ்சு போலத் தெரிந்தால் மாவுப்பூச்சி. அந்தக் கிளையை வெட்டி எறியுங்கள், மிச்சத்தைத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். சாப்பிடுகிற இலைக்கு இந்த வழிதான் நல்லது.

5. கிள்ளுவது

செடி ஒரு சாண் உயரம் வந்ததும் ஒவ்வொரு நுனியையும் ஒரு கணுவுக்கு மேலே கிள்ளிவிடுங்கள். ஒரு நுனி போன இடத்தில், கணுவின் இரு பக்கமும் இரண்டு துளிர் வரும். அவை நாலு இலை விட்டதும் மறுபடி கிள்ளுங்கள். பழுத்த அடி இலைகளை மட்டும் பறித்துக்கொண்டு நுனியை விட்டுவைப்பதுதான் செடி மொட்டையாக நீளக் காரணம். அடி இலையை விட்டு நுனியைப் பறியுங்கள். வெளிர் ஊதாப் பூங்கதிர் வந்தால் அதையும் எடுத்துவிடலாம். தேனீ வரட்டும் என்று ஒரு கிளையில் மட்டும் விட்டுவைத்தால் எனக்கு மகிழ்ச்சி.

6. அடுப்பங்கரைக்கு

பச்சை இலை நாக்கில் சுருசுருவென்று ஏறும், சூடு பட்டால் அடங்கும். முதல்முறை சமைப்பவர்கள் பஜ்ஜியில் தொடங்குங்கள். கடலை மாவு ஒரு கப், அரிசி மாவு இரண்டு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள், பெருங்காயம், உப்பு. ஓமம் போட வேண்டாம், இலையே போதும். கழுவின இலையின் ஈரத்தைத் துணியால் நன்றாக ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் மாவு ஒட்டாது, எண்ணெயும் தெறிக்கும். காம்பைப் பிடித்து மாவில் தோய்த்து மிதமான தீயில் பொரியுங்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது கர்நாடகத்தில் தம்புளி என்று செய்வது. அங்கே இந்த இலைக்குத் தொட்டபத்ரே என்று பெயர். பத்துப் பன்னிரண்டு இலையைச் சிறிது நெய்யில் சீரகம், மிளகோடு நிறம் மாறும் வரை வதக்கி, ஆறவிட்டு, ஒரு கைப்பிடி தேங்காயோடு அரைத்துக் கெட்டி மோரில் கலக்கி உப்புப் போடுங்கள். மறுபடி சூடாக்கக் கூடாது. கோடையில் சோற்றில் பிசைந்து சாப்பிட இதற்கு ஈடில்லை. ரசத்தில் போடுவதானால் நாலைந்து இலையைக் கிள்ளி, இறக்கும்போது போட்டு மூடிவிடுங்கள்.

கஷாயத்துக்கு நாலு இலை, நாலு மிளகு தட்டியது, ஒரு டம்ளர் தண்ணீர், பாதியாகச் சுண்டட்டும். தொண்டைக்கு இதமாக இருக்கும், அதற்கு மேல் இதனிடம் எதிர்பார்க்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குக் கஷாயம் போட்டுக்கொண்டிருக்காமல் சளிப் பரிசோதனை செய்யுங்கள். கைக்குழந்தைக்கு இலைச்சாறு புகட்டும் முன் மருத்துவரைக் கேளுங்கள், ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கலந்து கொடுக்கவே கூடாது. நாயும் பூனையும் இதைத் தின்றால் வாந்தி எடுக்கும், அவை இருக்கும் வீட்டில் தொட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

7. ஒரு வருடம் கழித்து

அடித்தண்டு முற்றிக் கட்டையாகிவிடும், துளிர் குறையும். பழைய செடியோடு மல்லுக்கட்டாமல் நல்ல நுனிகளாக நாலு வெட்டி, புது மண்ணில் நட்டு, அவை துளிர்த்த பிறகு பழையதை எடுத்துவிடுங்கள். ஆடி, ஆவணி இதற்கு ஏற்ற மாதங்கள்: வெயில் தணிந்திருக்கும், அடைமழைக்கு முன் வேர் பிடித்துவிடும்.