முதல் போடாக்ஸ் எப்போது? நாள் குறிப்பதில் நடக்கும் தவறுகள்

"எனக்கு 26 ஆகிறது. இப்போதே ஆரம்பித்தால்தான் பின்னால் சுருக்கம் வராதாமே?" போடாக்ஸ் பற்றிய பேச்சு எழுந்தாலே இந்தக் கேள்வியும் கூட வந்துவிடுகிறது. ஒருவர் 25 என்பார், இன்னொருவர் 30 என்பார், ஏதோ குழந்தைக்குத் தடுப்பூசி அட்டவணை போடுவது மாதிரி. இப்படி வயதை வைத்து நாள் குறிப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன.

முகக் கோடுகளில் இரண்டு வகை உண்டு. சிரிக்கும்போதோ முறைக்கும்போதோ வந்து, உடனே மறைகிறவை ஒரு வகை. முகம் சும்மா இருக்கும்போதும் பென்சிலால் கீறியதுபோல் அப்படியே நிற்பவை இன்னொரு வகை. ஒரே இடத்தில் தோல் ஆயிரக்கணக்கான முறை மடிந்து மடிந்து, முதல் வகை மெல்ல இரண்டாவதாக மாறுகிறது. ஊசியாகப் போடும் மருந்தான போடாக்ஸ், நரம்பிலிருந்து தசைக்குப் போகும் 'சுருங்கு' என்ற செய்தியைத் தற்காலிகமாகத் தடுக்கிறது. தசை சுருங்காவிட்டால் தோல் மடியாது. அதனால் மாறும் காலத்தில் போடுவதில் ஓரளவு அர்த்தம் இருக்கிறது. கோடே இல்லாத நெற்றியில் போட்டால், பார்ப்பதற்கு எந்த மாற்றமும் இருக்காது, பணம் மட்டும் போகும்.

எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று வீட்டிலேயே பார்க்கலாம். பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று புருவத்தை நன்றாக நெரித்துவிட்டு, முகத்தைத் தளர விடுங்கள். கோடு உடனே போய்விடுகிறதா? அப்படியானால் அவசரமே இல்லை. சிறிது நேரம் தங்கி, பிறகு மங்குகிறதா, அல்லது காலையில் எழுந்ததுமே மெல்லிய கோடாகத் தெரிகிறதா? மருத்துவரிடம் பேசத் தொடங்க அதுதான் சரியான நேரம். சிலருக்கு இது இருபதுகளின் கடைசியில் வரும், சிலருக்கு நாற்பதிலும் வராது. மரபு, வெயில், புகைப்பழக்கம், தோலின் நிறமி என்று காரணங்கள் பல. கண்ணாடி போட வேண்டியவர் போடாமல் கண்ணை இடுக்கியே பார்த்துக்கொண்டிருந்தாலும் கோடு சீக்கிரம் விழும். அவர் முதலில் போக வேண்டியது கண் மருத்துவரிடம்.

அடுத்த தவறு, 'தடுப்பு' என்ற சொல்லை அப்படியே நம்பிவிடுவது. 2002இல் அமெரிக்காவில் அழகுக்காக இந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தபோது, அது புருவங்களுக்கு நடுவே மிதமாகவோ ஆழமாகவோ விழுந்துவிட்ட கோடுகளுக்குத்தான். வராத கோட்டைத் தடுப்பதற்கு என்று அனுமதி இல்லை. தடுப்புக்கு ஆதாரமாக அடிக்கடி சொல்லப்படுவது 2006இல் வெளியான ஒரு இரட்டையர் ஒப்பீடு. ஒருவர் 13 வருடம், வருடத்துக்கு இரண்டு மூன்று முறை போட்டுக்கொண்டார். மற்றவர் மொத்தமே இரண்டு முறை. முதலாமவருக்கு நெற்றியில் கோடு பதியவில்லை, மற்றவருக்குப் பதிந்திருந்தது. சுவாரசியமான விஷயம்தான், ஆனால் ஒரே ஒரு ஜோடி!

கணக்கையும் பலர் போட்டுப் பார்ப்பதில்லை. ஒரு ஊசியின் பலன் மூன்று நான்கு மாதம். வருடத்துக்கு மூன்று முறை என்று 25இல் ஆரம்பித்தால், 45க்குள் 60 முறை உட்கார வேண்டும். ஐந்து வருடம் தள்ளி ஆரம்பித்தால் அதில் 15 மிச்சம். நடுவில் நிறுத்தினால் முகம் முன்பைவிட மோசமாகிவிடும் என்று ஒரு பயமும் உலவுகிறது. அப்படி ஆகாது. தசை பழையபடி வேலை செய்யத் தொடங்கும், அவ்வளவுதான்.

ஊசிக்குத் தயாராகிறவர்களில் சன்ஸ்கிரீன் பூசாதவர்கள் இருப்பதுதான் எனக்குப் புரிவதில்லை. வெயிலால் வரும் மெல்லிய சுருக்கம், திட்டு, சொரசொரப்பு எதையும் போடாக்ஸ் தொடாது. ஆஸ்திரேலியாவில் 900க்கும் மேற்பட்டவர்களை நாலரை வருடம் கவனித்த ஆய்வு 2013இல் வெளியானது. தோன்றியபோது பூசியவர்களைவிட, தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்குத் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவாக இருந்தது. தடுப்பு என்று சொல்வதானால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

சரி, போடுவது என்று முடிவாகிவிட்டது. "நெற்றிக்கு மட்டும் போதும்" என்று கேட்பது அடுத்த சிக்கல். புருவத்தை மேலே தூக்குவதற்கு நெற்றியில் இருப்பது ஒரே ஒரு தசை. கீழே இழுப்பதற்கோ பல. தூக்குகிறதை மட்டும் தளர்த்திவிட்டால் இழுக்கிறவை ஜெயித்து, புருவம் இறங்கிவிடும். அதனால்தான் நெற்றிக்குப் போடும்போது புருவ நடுவிலும் சேர்த்துப் போடச் சொல்கிறார்கள். இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. சிலருக்கு இமை இயல்பிலேயே கொஞ்சம் தாழ்ந்திருக்கும். அவர்கள் தங்களுக்கே தெரியாமல் நாள் முழுக்கப் புருவத்தைத் தூக்கித்தான் பார்க்கிறார்கள், நெற்றிக் கோடும் அதனால்தான் விழுகிறது. அங்கே ஊசி போட்டால் கோடு போகும், கண் பாரமாகி நாள் முழுக்கத் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்போல் ஆகிவிடுவார்கள். ஊசி போடும் முன் உங்களைக் கண்ணை மூடித் திறக்கச் சொல்லி, முறைக்கச் சொல்லி, வியக்கச் சொல்லிப் பார்க்காத மருத்துவரிடம் அவசரப்பட்டு நெற்றியைக் கொடுக்காதீர்கள்.

விசேஷத்துக்கு மூன்று நாள் முன்னால் போய் முதல் ஊசி போட்டுக்கொள்வதும் நடக்கிறது. மருந்து வேலை செய்யத் தொடங்கவே மூன்று நான்கு நாள் ஆகும், முழுப் பலன் தெரிய இரண்டு வாரம். பக்கவிளைவாக இமை இறங்கினால், அது சரியாகப் பல வாரங்கள் பிடிக்கும். முதல் முறை என்றால் இரண்டு மாத இடைவெளியாவது வையுங்கள். பலன் போதவில்லை என்று மூன்று மாதத்துக்குள் மறுபடி மறுபடி போட்டுக்கொள்வதும் நல்லதில்லை. உடல் மருந்துக்கு எதிர்ப்புப் பொருளை உருவாக்கிவிட்டால், அப்புறம் ஊசி பலிக்காது.

விலையைப் பேசும்போது யூனிட் (மருந்தின் அளவு) கணக்கில் ஏமாறுவது சகஜம். போடாக்ஸின் ஒரு யூனிட்டும், அதே வகையைச் சேர்ந்த இன்னொரு மருந்தான டிஸ்போர்ட்டின் ஒரு யூனிட்டும் ஒன்றல்ல. எந்த மருந்து, எத்தனை யூனிட் என்று இரண்டையும் கேளுங்கள், குப்பியைக் காட்டச் சொல்லுங்கள். 2024இல் அமெரிக்காவில் போலி மருந்தாலும், முறையாகக் கையாளாத மருந்தாலும் சிலர் மருத்துவமனையில் சேர வேண்டியதாயிற்று.

கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் தள்ளிப்போட வேண்டும். மயஸ்தீனியா போன்ற நரம்பு–தசை நோய் உள்ளவர்கள் அதை மறைக்கவே கூடாது. சாப்பிடும் மருந்துகளையும் சொல்லிவிடுங்கள், சில ஆன்டிபயாட்டிக்குகள் இதன் வீரியத்தைக் கூட்டும். ஊசிக்குப் பிறகு விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால், அது சில வாரங்கள் கழித்து வந்தாலும், உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

இன்னும் முடிவெடுக்க முடியவில்லையா? இன்று ஜன்னல் பக்கமாக நின்று இரண்டு படம் எடுத்து வையுங்கள். ஒன்று முறைத்தபடி, ஒன்று சும்மா. அடுத்த வருடம் இதே மாதம், இதே ஜன்னலில் மறுபடி எடுத்து, முகம் சும்மா இருக்கும் இரண்டு படங்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.