ஸ்பீட் போஸ்ட் என்று சொல்லிவிட்டு வேறு கூரியரில் போடலாமா? ஆன்லைனில் விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாட்ஸ்அப்பில் சேலை விற்கத் தொடங்கிய முதல் வருடத்தில் நான் செய்த தவறிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஓர் அம்மா சுங்குடிச் சேலை கேட்டிருந்தார். அவருடைய அக்காவின் அறுபதாம் கல்யாணத்துக்கு வைத்துக் கொடுக்க வேண்டும். பத்து நாள் இருந்தது. "ஸ்பீட் போஸ்ட்ல போட்டுடறேம்மா, நாலஞ்சு நாள்ல வந்துடும்" என்று நான்தான் சொன்னேன். மறுநாள் தபால் நிலையத்தில் கூட்டம். இரண்டு கடை தள்ளி ஒரு தனியார் கூரியர் கிளை இருந்தது, கட்டணமும் கொஞ்சம் குறைவு. அங்கே போட்டுவிட்டு வந்துவிட்டேன். எப்படியும் போய்ச் சேரத்தானே போகிறது என்று அவரிடம் சொல்லவில்லை.

அந்தக் கூரியருக்கு அந்த ஊரில் ஆள் கிடையாது. டவுன் கிளையிலிருந்து இரண்டு முறை போன் போயிருக்கிறது. தெரியாத நம்பர் என்று அவர் எடுக்கவில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்குத் தினமும் வாசலில் நின்று, தனக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். 'வாங்க மறுத்தார்' என்ற குறிப்போடு பார்சல் என்னிடமே திரும்பி வந்தபோது, விசேஷம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை. "கூரியர்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே டவுனுக்குப் போய் வாங்கியிருப்பேனே" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விடுவதுதான் முதல் தவறு, மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய தவறும் அதுதான்.

எதில் அனுப்பினால் அவருக்கு என்ன?

நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் யார் கொண்டு வருவார்கள் என்பதை வைத்துத்தான் வாங்குபவர் காத்திருக்கவே செய்கிறார். தபால் என்றால் தபால்காரருக்கு வீடு தெரியும். ஆள் இல்லாவிட்டால் தபால் நிலையத்தில் போய்க் கேட்கலாம். கூரியர் என்றால் யாரோ ஒருவர் போன் செய்வார், எடுத்து வழி சொல்ல வேண்டும், சில ஊர்களில் கிளைக்கே போய்த்தான் வாங்க வேண்டும். இந்தியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் தபால் நிலையங்கள் இருக்கின்றன. அவற்றில் பத்துக்கு ஒன்பது கிராமங்களில்தான். எந்தத் தனியார் கூரியருக்கும் இந்த அளவு கிளைகள் கிடையாது. அதே சமயம், சென்னையிலோ கோவையிலோ அபார்ட்மென்ட்டில் இருப்பவருக்குத் தனியார் கூரியரே வசதியாக இருக்கலாம். ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும்.

சில முகவரிகளுக்குத் தபாலைத் தவிர வேறு வழியே இல்லை. தபால் பெட்டி எண் கொடுப்பவருக்குத் தனியார் கூரியர் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. ராணுவத்தில் இருப்பவருக்கு '56 ஏபிஓ' என்று முகவரி வரும். பின்கோடு 9 என்ற இலக்கத்தில் தொடங்கும். அது ராணுவத் தபால் வழியாகப் போக வேண்டியது. இது தெரியாமல் கூரியரை மாற்றினால் பார்சல் பாதி வழியில் சுற்றிக்கொண்டிருக்கும்.

தின்பண்டம் விற்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பால்கோவாவுக்கு இரண்டு நாள் தாமதம் என்பது சின்ன விஷயம் இல்லை. "நாளைக்கே வந்துவிடும்" என்று சொன்னதை நம்பி ஒருவர் வாங்கியிருக்கும்போது, சத்தமில்லாமல் தரைவழிப் பார்சலாக மாற்றிப் போட்டால் கெட்டுப்போன பொருளுக்கு நாம்தான் பொறுப்பு.

தளமே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும் என்று விடுவது

ஷிப்ராக்கெட் போன்ற தளங்களில் பல கூரியர்களை ஒரே இடத்திலிருந்து புக் செய்யலாம். விலை குறைவானது, வேகமானது என்று நாம் வைத்திருக்கும் விருப்பப்படி தளமே ஒன்றைப் பரிந்துரைக்கும். வசதிதான், நானும் இப்படிப்பட்ட ஒரு தளத்தைப் பயன்படுத்துகிறேன். ஆனால் எடுக்க வர வேண்டியவர் வராமல் அந்த புக்கிங்கை ரத்து செய்து இன்னொன்றில் போட்டால், கூரியர் பெயரும் டிராக்கிங் நம்பரும் சேர்ந்தே மாறிவிடும். காலையில் நாம் அனுப்பிய பழைய நம்பரைத்தான் வாங்கியவர் தினமும் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். 'ரத்து செய்யப்பட்டது' என்று அங்கே வந்தால் அவர் என்ன நினைப்பார்? பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான். நம்பர் மாறினால் அன்றைக்கே புது நம்பரை அனுப்பிவிடுங்கள், பழையது செல்லாது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைசி நேரத்தில் கூரியரை மாற்றத் தூண்டுவது பெரும்பாலும் எடைதான். கூரியர்கள் பலவும் நிஜ எடையோடு பருமனையும் கணக்குப் போடுகின்றன. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுப்பது வழக்கம். 40, 30, 20 சென்டிமீட்டர் அட்டைப் பெட்டி என்றால் 4.8 கிலோ என்று வரும், உள்ளே முக்கால் கிலோ கோரைப்பை மட்டும் இருந்தாலும். பெட்டியைக் கட்டி முடித்த பிறகு இது தெரிந்தால் மலிவான கூரியரைத் தேடத்தான் தோன்றும். கட்டணம் சொல்வதற்கு முன்பே பெட்டியை அளந்துவிட்டால் இந்த அவசரம் வராது.

நம்பர் மட்டும் அனுப்புவது

எந்தக் கூரியர் என்று எழுதாமல் வெறும் நம்பரை அனுப்புகிறார்கள். சிலர் ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள், அதில் பாதி எழுத்து தெரிவதில்லை. ஸ்பீட் போஸ்ட் நம்பர் என்றால் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்: E-யில் தொடங்கும் இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் IN, மொத்தம் பதின்மூன்று. மற்ற கூரியர்களின் நம்பர்கள் அப்படி இல்லை, வெறும் இலக்கங்களாக இருந்தால் எந்தத் தளத்தில் தேடுவது? பெயர், நம்பர், தேடும் இணைப்பு மூன்றையும் எழுத்தாகவே அனுப்புங்கள்.

வாங்கிய கட்டணம் ஒன்று, கட்டிய கட்டணம் ஒன்று

இது மறதி இல்லை, நேர்மையின்மை. ஸ்பீட் போஸ்ட்டுக்கென்று 90 ரூபாய் வாங்கிவிட்டு 50 ரூபாயில் அனுப்பினால் மீதி 40 ரூபாய் நம்முடையது கிடையாது. திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது முதலிலேயே 'அனுப்பும் செலவு எல்லாருக்கும் இவ்வளவு, எந்தக் கூரியர் என்பதை நாங்கள் முடிவு செய்வோம்' என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும்.

"கூரியர்ல கேளுங்க"

எனக்கு மிகவும் கோபம் வருவது இந்தப் பதிலைக் கேட்கும்போதுதான். கூரியரைத் தேர்ந்தெடுத்தது நாம், அவர்களிடம் ரசீது வாங்கியதும் நாம். வாங்கியவர் அங்கே போன் செய்தால், அனுப்பியவரைப் பேசச் சொல்கிறார்கள். அவர் இரண்டு பக்கமும் அலைகிறார்.

சட்டமும் விற்பவரைத்தான் பார்க்கிறது. நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020 ஜூலையில் வந்தன. டெலிவரி பற்றிய விவரங்களை விற்பவர் தர வேண்டும், அனுப்பும் செலவைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்கின்றன அவை. சொன்ன காலத்தைத் தாண்டிப் பொருள் போய்ச் சேர்ந்தால், வெள்ளம் போன்ற கைமீறிய காரணம் இல்லாதவரை, அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவோ பணத்தைத் தரவோ மறுக்கக் கூடாது. வீட்டிலிருந்து விற்கிறோம், நமக்கு இது பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். எப்போதோ ஒருமுறை சொந்தப் பொருளை விற்பவருக்குத்தான் விலக்கு, தொடர்ந்து வியாபாரமாகச் செய்பவருக்கு இல்லை.

இன்னும் பழைய சட்டமும் ஒன்று இருக்கிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 39ஆம் பிரிவு. சரக்கை அனுப்புபவர், அதன் தன்மைக்கு ஏற்றபடி நியாயமான ஏற்பாட்டோடு அதைக் கொண்டுசெல்பவரிடம் ஒப்படைக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் வழியில் தொலைந்தாலோ சேதமானாலோ, தன்னிடம் ஒப்படைத்ததாக ஏற்க வாங்குபவர் மறுக்கலாம். ஆன்லைன் என்ற சொல்லே இல்லாத காலத்தில் எழுதியது, இன்றைக்கும் பொருந்துகிறது.

மோசடிக்கு வழிவிடுவது

'உங்கள் பார்சல் வந்திருக்கிறது, முகவரி சரியில்லை, இந்த இணைப்பில் திருத்துங்கள்' என்று தபால் துறையின் பெயரிலேயே போலிக் குறுஞ்செய்திகள் வருகின்றன. அப்படி வருவது போலி என்று மத்திய அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவும் எச்சரித்திருக்கிறது. கூரியர் ஆள் போலப் பேசி, ஏதோ ஒரு எண்ணை டயல் செய்யச் சொல்லி, நம் போனுக்கு வரும் அழைப்புகளைத் தங்களுக்குத் திருப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. தன் பார்சல் யார் கையில் இருக்கிறது என்று தெரிந்தவர் இதையெல்லாம் ஒதுக்கிவிடுவார். தெரியாதவர், ஒருவேளை நம்முடையதாக இருக்குமோ என்று அந்த இணைப்பைத் தொட்டுவிடுவார். நாம் சொல்லாமல் விட்ட ஒரு தகவல் ஒருவருடைய சேமிப்பையே கொண்டுபோகும் என்பதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அப்படிப் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும்.

வாங்குபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போதே எதில் அனுப்புவீர்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பகலில் எடுக்கக்கூடிய போன் நம்பரைக் கொடுங்கள். நீங்கள் மறுக்காமலே 'மறுத்தார்' என்று காட்டினால் அன்றே விற்பவருக்குத் தெரியப்படுத்துங்கள். விற்பவர் கைகழுவினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவதென்றாலும் விற்பவரின் ஊருக்குப் போக வேண்டியதில்லை, நீங்கள் இருக்கும் ஊரிலேயே போடலாம்.

சரி, மாற்றவே கூடாதா? மாற்றலாம், பல நேரம் மாற்றித்தான் ஆக வேண்டும். தீபாவளி நெருக்கத்தில் சில கிளைகளில் புக்கிங்கையே நிறுத்திவிடுகிறார்கள். கார்த்திகை மழையில் வழி அடைபடுகிறது. பார்சலை ஒப்படைப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். போட்டு முடித்துவிட்டுச் சொன்னால் அது வெறும் தகவல், வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு அவருக்கு இருக்காது. நான் இப்போது அனுப்பும் செய்தி இது: "வணக்கம்மா, இன்றைக்கு ஸ்பீட் போஸ்ட்டில் போட முடியவில்லை. இந்தக் கூரியரில் போட்டால் வெள்ளிக்கிழமை வரும், உங்கள் ஊருக்கு வீட்டுக்கே கொண்டுவருவார்களா என்று தெரியுமா? வேண்டாம் என்றால் நாளை தபாலிலேயே போடுகிறேன், சனிக்கிழமை ஆகும்." பெரும்பாலும் பத்து நிமிடத்தில் பதில் வந்துவிடுகிறது. பதில் வராவிட்டால், முதலில் சொன்னபடியே மறுநாள் தபாலில் போடுகிறேன்.