பால் பாக்கெட்டில் புரத அளவு சரியா? ஒரு சின்னக் கணக்கு

கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் இருப்பவர்களுக்கு ஆவினும் கிடைக்கும், கேரளத்தின் மில்மா பாலும் கிடைக்கும். மலையாளம் வாசிக்கத் தெரியாவிட்டாலும் ஊட்டச்சத்துப் பட்டியலின் எண்களை வைத்தே ஒரு சோதனை செய்யலாம். புரதத்தையும் மாவுச்சத்தையும் தலா 4 ஆலும், கொழுப்பை 9 ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். அச்சிட்ட கலோரிக்குப் பக்கத்தில் வர வேண்டும். உதாரணமாக, 100 மில்லி பாலில் கொழுப்பு 3, புரதம் 3, மாவுச்சத்து 4.7 கிராம் என்றால் 27, 12, 19 சேர்ந்து சுமார் 58. பட்டியலில் 80 என்று இருந்தால் ஏதோ ஓர் எண் தவறு. எது தவறு என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. ஆனால் அந்தப் பட்டியலை அப்படியே நம்ப வேண்டாம்.

ஆய்வகத்தில்கூட வழக்கமாகப் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, பால் பொருளென்றால் 6.38 ஆல் பெருக்குவார்கள். 2008 இல் சீனாவில் பாலில் நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்து, புரதம் அதிகம் இருப்பதுபோலக் காட்டியது இந்த ஓட்டையைப் பயன்படுத்தித்தான். எத்தனை குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள்! நினைத்தாலே மனசு பதறுகிறது.

அப்புறம், எண் 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா என்று கட்டாயம் பாருங்கள். கெட்டியாக இருக்கும் தயிரெல்லாம் புரதம் மிகுந்தது என்று எண்ணிவிடாதீர்கள்; கொழுப்பாலும் கெட்டியாகும். சம்பாரத்தில் (கேரளத்து மசாலா மோர்) தண்ணீரே அதிகம். வீட்டில் வயதானவர்களுக்குப் புரதத்துக்காக வாங்குவதென்றால் பனீர் எடுங்கள், 100 கிராமில் சுமார் 18 கிராம் இருக்கும்.