நெடும்பயணத்துக்குக் கேமரா வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையில் கேமரா கடைக்குள் நுழைபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, “இது எத்தனை மெகாபிக்சலுங்க?” என்பதைத்தான். நெடும்பயணத்துக்குக் கேமரா வாங்குபவர் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. ஏ4 தாளில் தெளிவாக அச்சிட 9 மெகாபிக்சல் போதும். 4கே தொலைக்காட்சியின் திரையை நிரப்ப அதைவிடச் சற்றுக் குறைவாகவே தேவைப்படும். முதலில் கேட்க வேண்டியது, லென்ஸ் வழியே வரும் ஒளியைப் படமாக மாற்றும் சில்லான சென்சாரின் அளவு. சிறிய பாக்கெட் கேமராக்கள் பலவற்றில் உள்ள சென்சார் 6.17 மி.மீ. அகலமும் 4.55 மி.மீ. உயரமுமே கொண்டது. ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர அளவு சென்சாரின் பரப்பு அதைப்போல ஏறத்தாழ 13 மடங்கு என்பதால், அந்தி நேரத்திலும் கோயில் தெருவின் விளக்கொளியிலும் படம் புள்ளி புள்ளியாகச் சிதையாமல் கிடைக்கிறது.

அடுத்த தவறு, “வாங்குவதுதான் வாங்குகிறோம், பெரியதாகவே வாங்கிவிடுவோம்” என்று முடிவெடுப்பது. இதன் விளைவை எங்கள் வீட்டிலேயே கண்டேன். பெரியப்பாவும் பெரியம்மாவும் காசி, கயா, ஹரித்வார், பத்ரிநாத் என்று 24 நாள் யாத்திரை புறப்பட்டபோது, கடைக்காரர் ஒருவரின் பேச்சை நம்பி, ஏபிஎஸ்-சியைவிடப் பெரிய, முழு அளவு சென்சார் கொண்ட கேமராவையும், தொலைவில் உள்ளதை நெருக்கிக் காட்டும் 70–200 மி.மீ. லென்ஸையும் வாங்கிச் சென்றார்கள். இரண்டும் சேர்ந்து இரண்டு கிலோவை நெருங்கின. காசியின் படித்துறைகளில் முதல் இரண்டு நாள் பெரியப்பாவின் கழுத்தில் தொங்கிய அந்தக் கேமரா, அதன்பின் விடுதி அறையின் பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டது. பத்ரிநாத்தில் அலகநந்தா ஆற்றங்கரையில் இருவரும் சேர்ந்து நின்ற படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை என்பது இன்றும் எனக்கு வருத்தம்தான். வாங்குவதற்கு முன், நினைத்திருக்கும் கேமராவின் எடைக்குச் சமமான பொருளைத் தோள்பையில் போட்டு, வ.உ.சி. மைதானத்தையோ ஊர்க் குளத்தங்கரையையோ இரண்டு மணி நேரம் சுற்றி வந்து பாருங்கள். கழுத்தும் தோளும் சொல்லும் பதிலை விற்பனையாளர் சொல்ல மாட்டார்.

ஜூம் விஷயத்தில், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணை நம்ப வேண்டாம். லென்ஸ் உண்மையாக நெருக்கிக் காட்டுவது ஆப்டிகல் ஜூம். டிஜிட்டல் ஜூம் என்பது எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதேயன்றி வேறில்லை.

பேட்டரியைப் பற்றிக் கேட்காமல் வாங்குவதுதான் பயணத்தின் நடுவே கையை விரிக்க வைக்கும் தவறு. மிரர்லெஸ் எனப்படும், உள்ளே கண்ணாடி இல்லாத கேமராக்கள் பலவற்றில் ஒரு பேட்டரிக்கு 300 முதல் 400 படங்கள் என்று குறிப்பிட்டிருப்பார்கள். கடல்மட்டத்திலிருந்து 3,100 மீட்டர் உயரத்தில் உள்ள பத்ரிநாத் போன்ற குளிர்ந்த இடங்களில் அது மேலும் குறையும். உதிரி பேட்டரியைச் சட்டையின் உட்பையில், உடல் சூட்டில் வைத்திருப்பது நல்லது. கைபேசிக்கு வைத்திருக்கும் பவர் பேங்கிலிருந்தே யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறுமா என்பதையும், கூடுதல் பேட்டரி நம் ஊர்க் கடைகளில் கிடைக்குமா என்பதையும் விசாரிக்க வேண்டும். விமானத்தில் செல்பவர்கள் உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில் மட்டுமே எடுத்துச் செல்லலாம். விமான நிலையத்தில் சரக்காக ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கக் கூடாது.

மெமரி கார்டு ஒன்றே ஒன்றை, அதுவும் மிகப் பெரியதாக, வாங்குவதும் ஆபத்து. அது பழுதானாலோ தொலைந்தாலோ பயணம் முழுவதும் போய்விடும். இரண்டு மூன்றாகப் பிரித்து வாங்கி, இரவுதோறும் அன்றைய படங்களை வேறொன்றிலும் பிரதி எடுத்து வையுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பரவலாக நடப்பது, புறப்படுவதற்கு முந்தைய வாரம் கேமரா வாங்கி, ரயிலில் கையேட்டைப் பிரிப்பது. ஒரு மாதம் முன்னதாக வாங்குங்கள். நம் பகுதியில் இருப்பவர்களுக்கு வால்பாறையைவிடச் சிறந்த சோதனைக் களம் இல்லை. ஆழியாற்றின் கண்கூசும் வெயில், 40 கொண்டை ஊசி வளைவுகளின் குலுக்கல், ஒன்பதாவது வளைவருகே பாறையோடு பாறையாக நிற்கும் வரையாடுகள், புதுத்தோட்டத்து மரநிழலில் தாவும் கரிய சோலைமந்திகள், மாலையில் இறங்கும் மூடுபனி என்று ஒரு நெடும்பயணத்தின் சிரமங்கள் பலவும் அங்கே இரண்டே நாளில் கிடைத்துவிடுகின்றன. நிழலில் இருக்கும் மந்தியின் கண்ணில் ஃபோகஸ் நிற்கிறதா, பனியில் கேமரா திணறுகிறதா, மாலை வரை எத்தனை பேட்டரி தீர்ந்தது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். குறை தெரிந்தால் மாற்றித் தர எத்தனை நாள் அவகாசம் என்பதையும், வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.